கேள்வி – பதில்: தத்துவம் சோறு போடுமா?

போன இதழில் ஒரு வாசகர், "தத்துவம் பேசுறவங்களால ஊருக்கு என்ன லாபம்?" என்று கேட்டிருந்தார். நான் நாலு வரியில் பதில் சொன்னேன். அதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களைப் பார்த்தபோது, இந்த விஷயம் இவ்வளவு பேர் மனதில் கிடக்கிறதா என்று எனக்கு மெய்யாகவே சந்தோஷமாக இருந்தது. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதுதான். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

கே: பி.ஏ. தத்துவம் சேரணும்னு ஆசை. வீட்டில் 'பொம்பளப் பிள்ளைக்குத் தத்துவம் எதுக்கு, பேசாம பி.காம். படி' என்கிறார்கள். முதலில் தத்துவம் என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்ல எனக்கே தெரியவில்லை. அதற்கும் தினசரி வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம்?
– பிளஸ் டூ முடித்த மாணவி, திருமங்கலம்

ப: உங்கள் வீட்டில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். படிப்பு எதற்காக, பெண் பிள்ளையின் வாழ்க்கை யாருக்காக, எது உருப்படியான வேலை என்று மூன்று பெரிய முடிவுகள் அதற்குள் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் அப்பாவோ அம்மாவோ அவற்றை யோசித்து எடுத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களிடமிருந்து அப்படியே கைமாறி வந்தவை. இதேபோல எது நியாயம், எது கௌரவம், யாரிடம் பணிந்து போகணும், செத்த பிறகு என்ன என்பதற்கெல்லாம் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஏற்கனவே ஒரு முடிவு இருக்கிறது, அதை வைத்துத்தான் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை காரியம் செய்கிறோம். அந்த முடிவுகளை வெளியே எடுத்து, இது எதனால் சரி, எதிராளி சொல்வதில் நியாயம் இருக்கிறதா, இதை ஏற்றால் வேறு எதையெல்லாம் ஏற்க வேண்டிவரும் என்று காரணத்தோடு விசாரிப்பதைத்தான் நான் தத்துவம் என்பேன். விசாரிக்காவிட்டால் தத்துவம் இல்லாமல் வாழ்கிறோம் என்று ஆகாது, அடுத்தவர் யோசித்ததை வைத்து வாழ்கிறோம் என்றுதான் ஆகும்.

இது வேலையில்லாதவர்கள் பேச்சு என்பவர்களை ஒரு தடவை அழகர்மலைக்குக் கூட்டிப் போகலாம். கிடாரிப்பட்டிப் பக்கம் மலைக்குகையில் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்தில் (தமிழ்ப் பிராமி என்றும் சொல்வார்கள்), அந்தக் குகைக்குக் கொடை கொடுத்தவர்கள் பெயர் அங்கே வெட்டியிருக்கிறது. யார் தெரியுமா? மதுரை உப்பு வணிகர், வெல்லமோ பாகோ விற்ற பணித வணிகர், கலப்பைக்குக் கொழு விற்றவர், பொன் கொல்லர். அவர்கள் பணம் கொடுத்தது சமண முனிவர்கள் தங்குவதற்கு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கொல்லாமை என்றால் எதுவரை, வினை எப்படி ஒட்டுகிறது என்று ராப்பகலாக யோசித்தவர்களுக்கு, உப்பு விற்ற காசில் படுக்கை. தராசு பிடித்தவர்களுக்கும் இந்த யோசனைகள் தேவைப்பட்டிருக்கின்றன என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்று, இது உங்களுக்காகவே. மணிமேகலையை எழுதிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் என்று சொல்வது மரபு, அதாவது தானிய வியாபாரி. அதில் மணிமேகலை வஞ்சி நகருக்குப் போய் சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர் என்று அந்தக் காலத்து வெவ்வேறு கொள்கைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் 'உங்கள் கொள்கை என்ன?' என்று கேட்டுக்கொண்டே போகிறாள். ஆனால் பெண்ணாகப் போகவில்லை. 'இளையவள், வளையல் போட்டவள் என்று உனக்கு யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள், வேறு உருவம் எடுத்துக்கொள்' என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லப்படுகிறது. அவள் ஆண் துறவி வேடத்தில் போய்த்தான் கேட்கிறாள். உங்கள் வீட்டு வாக்கியம் அப்போதே இருந்திருக்கிறது பாருங்கள். கடைசியில் பூதவாதி வருகிறார். கண்ணால் கண்டது மட்டுமே உண்மை, பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் கள்ளில் வெறி உண்டாவதுபோல ஐம்பூதமும் சேர்ந்தால் உணர்வு உண்டாகிறது, அவ்வளவுதான் என்கிறார். அவள் சிரித்துவிட்டுக் கேட்கிறாள்: உன் தாய் தகப்பன் இவர்கள்தான் என்பதை அனுமானத்தால், அதாவது தெரிந்ததை வைத்துத் தெரியாததை முடிவு கட்டுவதால், அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? ஒரே கேள்வி. 'நான் பார்த்தாத்தான் நம்புவேன்' என்று இன்றைக்கு டீக்கடையில் அடித்துப் பேசுகிறவர்களும் பதில் சொல்லித் திணற வேண்டிய கேள்வி. பூதவாதி சொன்னதும் லேசுப்பட்டதில்லை, மூளைக்கும் உணர்வுக்கும் என்ன தொடர்பு என்று விஞ்ஞானிகள் இன்னும் அந்த இடத்தில்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சோறு போடுமா என்று கேட்டால், சிவில் சர்வீஸ் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம், சட்டம் படிக்கப் போனாலும் உதவும், ஆசிரியர் வேலைக்கும் போகலாம். வீட்டில் இதைச் சொல்லுங்கள். ஆனால் இந்தக் காரணத்துக்காக மட்டும் சேராதீர்கள், மூன்று வருடம் நீளமாகத் தெரியும்.

கே: கீழமாசி வீதியில் மளிகை வியாபாரம். ஒரு சின்னப் பையன் ஐந்நூறு ரூபாய் கொடுத்துச் சாமான் வாங்கிவிட்டு மீதிச் சில்லறையை வாங்காமலே ஓடிவிட்டான். ஆள் விட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தேன். என் பங்காளி, 'கடைக்கு நல்ல பேர் வரணும்னுதானே செஞ்சே, இதுல என்ன பெருமை?' என்கிறார். அவர் சொல்வது சரியா?
– வியாபாரி, மதுரை

ப: அண்ணாச்சி, உங்கள் கடையில் நடந்ததற்கு ரொம்பப் பக்கத்தில் ஓர் உதாரணத்தை 1785-இல் ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் எழுதிவைத்திருக்கிறார். அவர் உதாரணத்திலும் ஒரு கடைக்காரர்தான், விவரம் தெரியாத குழந்தை வந்தாலும் எல்லோருக்கும் சொல்கிற அதே விலையைச் சொல்கிறார். அவர் செய்தது சரி, அதில் கான்டுக்குச் சந்தேகமில்லை. ஆனால் வியாபாரம் நடக்கணும் என்பதற்காகச் செய்திருந்தால் அது கடமைக்கு ஒத்த செயல், கடமைக்காகச் செய்த செயல் ஆகாது, அதற்கு அறத்தின் மதிப்பு இல்லை என்கிறார். உங்கள் பங்காளி கான்ட் கட்சி.

எதிர்க்கட்சியும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற தத்துவஞானி, நீரில் மூழ்குகிறவனைக் காப்பாற்றுகிறவன் கடமை என்று செய்தாலும் காசு கிடைக்கும் என்று செய்தாலும் செய்த காரியம் சரிதான் என்றார். எண்ணத்தை வைத்து ஆளை எடைபோடலாம், காரியத்தை எடைபோட முடியாது என்பது அவர் வாதம். பையன் வீட்டில் போய் அடி வாங்காமல் தப்பித்தானா இல்லையா, அதைப் பார் என்பார்.

எனக்கு இருவர் சொல்வதிலும் ஒவ்வொரு பாதி வேண்டும். ஊரார் முன்னால் கான்ட் பேச்சை எடுத்து அடுத்தவர் செய்த நல்லதைச் சுரண்டிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது, பங்காளிக்கு உங்கள் மனசுக்குள் எட்டிப்பார்க்க வழி கிடையாது. ஆனால் அதே கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொண்டால் அது ரொம்ப நல்ல கேள்வி. அதற்குச் சோதனையும் சுலபம். உள்ளூர்ப் பையன் நாளைக்கும் வருவான், அவன் அம்மாவும் வருவார். கார்த்திகை, மார்கழியில் வேன் வேனாக வந்து இறங்குகிற ஐயப்ப பக்தர்கள் இருக்கிறார்களே, தமிழ் தெரியாது, விலை தெரியாது, திரும்ப வரவும் மாட்டார்கள், யாரிடமும் உங்களைப் பற்றிச் சொல்லப் போவதும் இல்லை. அவர்களிடம் என்ன விலை சொல்கிறீர்கள் என்று பாருங்கள். அங்கேயும் அதே விலை என்றால் பங்காளிக்கு நீங்கள் பதிலே சொல்ல வேண்டியதில்லை.

கே: உசிலம்பட்டிப் பக்கம் அரை ஏக்கரில் மல்லி போட்டிருக்கேன். விளைஞ்சா விலை இல்லை, விலை இருந்தா விளைச்சல் இல்லை. 'எல்லாம் தலையெழுத்து' என்று நினைத்தால்தான் நிம்மதியாகத் தூங்க முடிகிறது. அப்படி நினைப்பது தப்பா?
– பூ விவசாயி

ப: தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வராது, விடியுமுன் எழுந்து மொட்டுப் பறிக்கிறவரின் தூக்கத்தைக் கெடுக்க நான் யார். ஆனால் நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது, மனுஷன் முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று ஒரு கொள்கையாகவே வைத்திருந்தவர்கள் ஆசீவகர்கள். தமிழ்நாட்டிலும் அவர்கள் இருந்தார்கள். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' பாடிய பூங்குன்றனாரும், அதே பாட்டில், மலையாற்று வெள்ளத்தில் போகிற தெப்பம்போல உயிர் முறைவழி போகும் என்றார், அவர் ஊரான பூங்குன்றம் என்று சொல்லப்படும் மகிபாலன்பட்டி நமக்கு அடுத்த சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவர் அங்கே போய் முடிக்கிற இடம் வேறு. எல்லோரும் அதே வெள்ளத்தில் போகிறவர்கள் என்பதால் பெரியவரைப் பார்த்து வியக்கவும் மாட்டோம், சிறியவரை இகழ்வது அதைவிடவும் மாட்டோம் என்கிறார். விதியை நம்பி அவர் படுத்துக்கொள்ளவில்லை, யாருக்கும் தலை வணங்க வேண்டியதில்லை என்ற இடத்துக்கு வருகிறார். வள்ளுவர் இன்னும் ஆச்சரியம்: அறத்துப்பாலை முடிக்கும்போது ஊழைவிட வலியது எது என்று கேட்டவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கு வந்ததும் சோராமல் உழைப்பவர் ஊழையே புறங்காண்பார் என்கிறார். இது முரண்பாடு என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, இரண்டும் ஒரே ஆளுக்கு வேறு வேறு நேரத்தில் வேண்டிய பேச்சு.

ரோமப் பேரரசில் அடிமையாக வாழ்ந்து பிறகு விடுதலையான எபிக்டெட்டஸ் என்ற ஞானியின் கைப்புத்தகம், நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரிப்பதில்தான் தொடங்குகிறது. உங்கள் மல்லியை அப்படிப் பிரித்துப் பாருங்கள். பனி, மழை, பூச்சி, மார்கழியில் பூ குறைவது, சித்திரை வைகாசியில் கொட்டிக் குவிவது, முகூர்த்த நாள் எந்தத் தேதியில் விழுகிறது, இதெல்லாம் உங்கள் கையில் இல்லை. கவாத்து, தண்ணீர், உரம், பறிக்கிற நேரம், இது உங்கள் கையில். இதுவரை எபிக்டெட்டஸ் சரி. ஆனால் இதோடு நிறுத்தினால் பெரிய விஷயம் ஒன்று தப்பிப் போகிறது என்பதுதான் எனக்கு அவரிடம் உள்ள மனக்குறை. மாட்டுத்தாவணியில் கமிஷன் எவ்வளவு பிடிக்கிறார்கள், முன்பணம் வாங்கியவர் அதே கடைக்குத்தான் பூ போடணும் என்ற ஏற்பாடு, மிஞ்சின பூவைச் சென்ட் ஃபேக்டரி என்ன விலைக்கு எடுக்கிறது, இவை தனி ஆளாக உங்கள் கையில் இல்லைதான். ஆனால் வானமும் இல்லை. மனுஷர்கள் உட்கார்ந்து போட்ட கணக்கு, மனுஷர்கள் சேர்ந்தால் மாற்றக்கூடிய கணக்கு. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது வானத்திலிருந்து விழவில்லையே, யாரோ சேர்ந்து மனுப் போட்டதால் கிடைத்தது.

ஆகவே பனிக்குத் தலையெழுத்து என்று சொல்லுங்கள், நிம்மதியாகத் தூங்குங்கள். கமிஷனுக்கு அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். அதைத் தலையெழுத்து என்று நீங்கள் சொல்வதால் யாருக்கு லாபம் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

கே: நல்லதும் கெட்டதும் மதத்திலேயே சொல்லியாச்சு. அப்புறம் தனியாகத் தத்துவம் எதற்கு?
– வாசகர், மேலூர்

ப: மதத்துக்குள்ளேயே அது நடந்துகொண்டுதானே இருக்கிறது. சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தைப் பன்னிரண்டே சூத்திரத்தில் செய்த மெய்கண்டார் 'நம்பு' என்று சொல்லி நிறுத்தவில்லை, ஒவ்வொரு சூத்திரத்துக்கும் மேற்கோள் (நிறுவ வேண்டிய கருத்து), ஏது (அதற்குக் காரணம்), உதாரணம் என்று காரணம் காட்டிக்கொண்டு போகிறார். உயிர் என்று ஒன்று உண்டா என்பதையே கேள்வியாக எடுத்து வாதிக்கிறார். பக்தி உள்ளவர்களுக்குக் கேள்வி கேட்கப் பயம் வேண்டாம் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டுமா.

கே: என் கணவர் போய் ஆறு மாதம் ஆகிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் 'எல்லாம் மாயை, உடம்புதான் போச்சு, ஆத்மாவுக்கு அழிவில்லை, அழக் கூடாது' என்கிறார்கள். எனக்கு அவர் உடம்புதான் வேணும், அவர் சத்தம்தான் வேணும். இப்படி நினைக்கிறது அஞ்ஞானமா?
– வாசகி, ஆனையூர், மதுரை

ப: இல்லைம்மா. அவர் உட்கார்ந்த நாற்காலியும் அவர் இருமலும் வேணும் என்று நினைப்பதில் அஞ்ஞானம் எதுவும் இல்லை.

வந்தவர்கள் சொன்னது பெரிய தத்துவம்தான், நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது ஒருவர் தன்னிடம் தானே கேட்டுத் தேடி அடைய வேண்டியது. 1896-இல் மீனாட்சியம்மன் கோவிலுக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெருவில் சிற்றப்பா வீட்டு மாடியில், வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனுக்குத் திடீரென்று மரணபயம் வந்தது. அவன் பிணம்போலப் படுத்துக்கொண்டு, செத்துப்போவது எது, அப்போதும் நான் என்று இருப்பது எது என்று விசாரித்தான். பிற்பாடு ரமண மகரிஷி ஆனது அந்தப் பையன்தான். கவனியுங்கள், அவன் விசாரித்தது தன் சாவைப் பற்றி. அடுத்த வீட்டில் அழுதுகொண்டிருந்த யாருடைய வாயையும் அடைப்பதற்கு அதை எடுத்துக்கொண்டு போகவில்லை.

புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாடிய சின்னப் பாட்டு ஒன்று இருக்கிறது, 194-ஆவது. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூ வைத்துக்கொள்கிறாள், ஒருத்தியின் கண்ணிலிருந்து நீர் நிற்காமல் வழிகிறது. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று அந்தப் புலவர் நேராகத் திட்டிவிடுகிறார். இந்த உலகம் கொடியது, இதன் இயல்பு தெரிந்தவர்கள் இனியதைக் காணுங்கள் என்பது அதற்கு அப்புறம்தான் வருகிறது. உங்களிடம் வந்தவர்கள் நடுவில் இருக்கிற கோபத்தையும் கண்ணீரையும் தாண்டி நேராகக் கடைசி வரிக்கு ஓடிவிட்டார்கள். நீங்கள் இப்போது எந்த வரியில் இருக்கிறீர்களோ அந்த வரியிலேயே இருங்கள். யாராவது மறுபடி மாயை என்றால், 'உட்காருங்க, அவரைப் பத்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கிற ஒண்ணைச் சொல்லுங்க' என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தவர்களை அடுத்த வாரமும் வரச் சொல்லுங்கள். சாப்பாடும் தூக்கமும் ரொம்பக் கெட்டுப்போனால் மட்டும் ஒரு டாக்டரிடம் போய்ப் பேசுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கே: காந்தி மதுரையில் சட்டையைக் கழற்றியது தத்துவமா, அரசியலா?
– வாசகர், மேலமாசி வீதி

ப: உங்கள் தெருவில் நடந்தது. 1921 செப்டம்பர் 22. அந்நியத் துணியை விடுங்கள் என்று பிரசாரம் செய்துகொண்டு வந்தவரிடம், ரயிலில் சில ஏழைகள் கதர் வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாதே என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் கதர் உடுத்தணும் என்று சொல்கிற கொள்கை, காசில்லாதவனிடம் போனதும் முட்டி நின்றது. பலரும் அந்த இடத்தில் கொள்கைக்கு ஒரு விதிவிலக்கு சேர்த்துவிட்டுப் போவார்கள். அவர் தன் உடுப்பை இடுப்பு வேட்டி அளவுக்குக் குறைத்துக்கொண்டார், அந்த அளவு துணி போதும் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் தான் உடுத்த வேண்டும் என்று. அக்டோபர் 31 வரைக்குமாவது என்றுதான் அன்றைக்கு அறிவித்தார். ஆனால் 1931-இல் லண்டனுக்குப் போனபோதும் அதே வேட்டிதான், அரசரைப் பார்த்தபோதும் அதேதான். அரசியல் என்று சொன்னால் அரசியல்தான், அதில் என்ன குறை. ஒருவர் ஏற்றுக்கொண்ட நியாயம் அவர் உடம்புவரை வந்து சேர்ந்ததற்கு நம் ஊரில் இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. தமுக்கம் பக்கத்துக் காந்தி மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் ரத்தக்கறை படிந்த துணியைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்; ரயிலில் அந்த ஏழைகள் சொன்னதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்கள் பேசாவிட்டால் இந்த முடிவே வந்திருக்காது.

கே: ஆறு வயசுப் பேரன், 'தாத்தா, நேத்து எங்க போச்சு?' என்கிறான். என்ன சொல்வது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், சோழவந்தான்

ப: ஐயா, ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முன்னால் வட ஆப்பிரிக்காவில் அகஸ்டின் என்ற பாதிரியார் இதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டார். போனது இப்போது இல்லை, வரப்போவது இன்னும் இல்லை, அப்படியானால் காலம் எங்கே இருக்கிறது? யாரும் கேட்காதவரை காலம் என்னவென்று எனக்குத் தெரியும், கேட்டால் தெரியவில்லை என்று எழுதிவைத்தார். ஆகவே அவசரப்பட்டு 'காலண்டர்ல போச்சுடா' என்று முடித்துவிடாதீர்கள். 'நீ என்ன நினைக்கிறே, எங்க போயிருக்கும்?' என்று திருப்பிக் கேளுங்கள், அவன் எதைச் சொன்னாலும் 'ஏன் அப்படி?' என்று இன்னொரு கேள்வி. அவன் சொல்கிற பதிலை அவன் வார்த்தையிலேயே ஒரு கார்டில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.